மரியாதையாகச் சாத்திய கதவு

சைமிக்குக் கோபம் வந்தது போன அக்டோபரில் என்றுதான் நூர்சுண்ட் என்ற கடற்கரை ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அது தப்பு. கோபம் அவளுக்கு இருபத்திரண்டு வயதிலேயே வந்துவிட்டது. அக்டோபரில் வாய் திறந்தது, அவ்வளவுதான்.

அவள் கடற்கரைக்காரி இல்லை. கிழக்கே காட்டுக்குள் பஸ்ஸில் அரைநாள் போனால் வரும் ஒரு உருளைக்கிழங்குப் பண்ணையில் பிறந்தவள். அங்கே நாய் குரைப்பதுகூட ஃபின்னிஷில்தான். நூர்சுண்டில் பெரும்பாலோர் ஸ்வீடிஷ் பேசுகிறவர்கள். தெருப் பலகையில் மேல்வரி ஸ்வீடிஷ், கீழ்வரி ஃபின்னிஷ். பள்ளிக்கூடம் இரண்டு, பாட்டுக் குழு இரண்டு, தீயணைக்கும் தொண்டர் படைகூட இரண்டு. கல்லறைத் தோட்டம் மட்டும் ஒன்று.

கோடைகால நடன மேடை ஒன்றில் அவளுக்கு பெர்யே கிடைத்தான். ஹெரிங் மீன் பிடிக்கிறவன், தோள் அகலம், சிரிக்கும்போது ஒரு பக்கம் மட்டும் சிரிப்பான். பட்டாளத்தில் கற்றுக்கொண்ட ஃபின்னிஷில் பேசினான்.

"காட்டுக்காரியா நீ? உழுற மாதிரியே ஆடற."

"நீ படகு ஓட்டற மாதிரி ஆடற. எங்கே கொண்டு போய் மோதப் போறியோன்னு பயமா இருக்கு."

அன்றைக்கு வாயில் வந்தது ஃபின்னிஷ். அதோடு முடிந்தது. முதல் நாள் எந்தப் பாஷையோ அதுதான் கடைசிவரைக்கும் என்பது இந்த ஊர்த் தம்பதிகளின் எழுதாத சட்டம். பெர்யே அவளிடம் ஃபின்னிஷில் பேசினான். மகள் கரோலா பிறந்ததும் அவளிடம் ஸ்வீடிஷில் பேசினான். சாப்பாட்டு மேஜையில் அப்பாவும் மகளும் ஒரு பாஷையில் சிரிப்பார்கள், பிறகு சைமி பக்கம் திரும்பி, இன்னொரு பாஷையில், "உப்பை எடும்மா" என்பார்கள்.

கல்யாணமான வருஷமே துறைமுகத்து மீன் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தாள். நீளமான மேஜையின் இரண்டு பக்கமும் பெண்கள் நின்று ஹெரிங்கை வகிர்ந்து முள்ளெடுப்பார்கள். கைகள் ஓயாது, வாய்களும் ஓயாது. எல்லாம் ஸ்வீடிஷ். முதல் நாளுக்காக ஒரே ஒரு ஸ்வீடிஷ் வாக்கியத்தை அவள் வாரம் முழுக்கச் சொல்லிப் பார்த்திருந்தாள். பாத்திரம் கழுவும்போதும் துணி உலர்த்தும்போதும் அதே வாக்கியம். கொட்டகையில் போய் நின்று சொன்னாள்.

"என் கத்தி மழுங்கிடுச்சு. சாணைக்கல் எங்க இருக்கு?"

மேஜையின் தலைப்பில் நின்ற பெரிய பெண்மணி நிமிர்ந்து பார்த்தாள். முகமெல்லாம் அன்பு. "கதவுப் பக்கத்துல, தொட்டிக்கு மேல இருக்கும்மா" என்றாள். ஃபின்னிஷில்.

அதற்குப் பிறகு அந்த மேஜையில் யாரும் அவளிடம் ஸ்வீடிஷில் பேசவில்லை. அவள் பக்கத்தில் நின்றால் தங்களுக்குள்ளும் பேசவில்லை. யாராவது ஒருத்தி கதை சொல்லிக்கொண்டிருப்பாள், எல்லோரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு காத்திருப்பார்கள், அந்த நேரம் பார்த்து சைமி கதவைத் திறந்துகொண்டு வருவாள். கதைக்காரி நடுவில் நிறுத்துவாள். ஃபின்னிஷுக்கு மாறுவாள். பாஷை மாறிய கதை நேற்றைய மீன் மாதிரி மேஜையில் கிடக்கும். யாரோ ஒருத்தி மரியாதைக்குச் சிரிப்பாள். பிறகு கத்திச் சத்தம் மட்டும் கேட்கும்.

இது ஊர் மரியாதை. ஒரு ஃபின்னிஷ்காரர் உள்ளே வந்தால் ஒன்பது ஸ்வீடிஷ்காரர்கள் பாஷையை மாற்றிக்கொள்வார்கள். வந்தவரைக் கேட்கமாட்டார்கள். கேட்பதே மரியாதைக் குறைவு என்று நினைப்பார்கள்.

சைமி கொஞ்ச நாளில் காப்பிக் கோப்பையை எடுத்துக்கொண்டு வெளியே லாரி நிற்கும் மேடையில் போய் உட்கார ஆரம்பித்தாள். உள்ளே அவர்களாவது நிம்மதியாகச் சிரிக்கட்டும் என்று. ஜனவரிக் குளிரிலும் அங்கேதான். உள்ளே இருந்தவர்கள் ஜன்னல் வழியே பார்த்து, "காட்டுப் பக்கத்து ஜனங்க அப்படித்தான், தனிமைதான் பிடிக்கும்" என்று பேசிக்கொண்டார்கள். ஸ்வீடிஷில் பேசினார்கள். சைமிக்குப் புரிந்தது. அதற்குள் எல்லாமே புரிய ஆரம்பித்திருந்தது.

வீட்டிலும் ஒரு தடவை முயன்று பார்த்தாள். முதல் கிறிஸ்துமஸ், மாமியார் வீடு. பன்றித் தொடையை வெட்டி வைத்ததும் எழுந்து நின்று எல்லோருக்கும் ஸ்வீடிஷில் நன்றி சொன்னாள். பெர்யேயின் தங்கை குன்வோர், கொட்டகையில் அதே மேஜையில் நிற்பவள், கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, அவளுக்கு அப்போது பதினெட்டு வயது, எதற்கும் சிரிப்பு வரும். பெர்யே சைமியின் முழங்கையைத் தொட்டு ஃபின்னிஷில் சொன்னான்:

"விடு. நமக்குள்ள எதுக்கு இந்தச் சிரமம்?"

அவள் உட்கார்ந்தாள். நாற்பது வருஷம் உட்கார்ந்தே இருந்தாள்.

இதற்கு நடுவில் ஊரைச் சுற்றிக் கண்ணாடிக் கூடங்கள் பெருகின. தக்காளி விளைச்சல். குளிர்காலத்தில் வானமே ஆரஞ்சு நிறமாகத் தெரியும் அளவுக்கு விளக்குகள். அங்கே வேலை செய்ய போஸ்னியாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தார்கள். அவர்களுக்கு ஃபின்னிஷ் தெரியாது. அதனால் ஊரே அவர்களிடம் ஸ்வீடிஷில் பேசியது. வந்து இரண்டு வருஷத்தில் அவர்கள் கடைவாசலில் நின்று நூர்சுண்டுக்காரர்கள் மாதிரியே வானிலையைத் திட்டினார்கள். சைமி கூடையோடு அதைக் கேட்டுக்கொண்டு நிற்பாள். கடைக்காரி அவள் முறை வந்ததும் சிரித்தபடி ஃபின்னிஷுக்கு மாறுவாள். வீட்டுக்கு வரும் வழியில் சைமி காட்டுப் பாஷையில் ஒரு வசவு விடுவாள், பனிக்குவியலைப் பார்த்து.

போன அக்டோபர் தொடக்கத்தில் பெர்யே படகைக் கரையேற்றும்போது கயிற்றைப் பிடித்தபடியே சரிந்தான். மூளையில் ரத்தக்குழாய் அடைத்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் பிழைக்க வைத்து ஊர் ஆஸ்பத்திரி வார்டுக்கு அனுப்பினார்கள். வலது கை வரவில்லை. பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. வந்தது முழுக்க ஸ்வீடிஷ், அதிலும் அவன் அம்மா படகுக் கொட்டகையில் பேசிய பேச்சு. ஃபின்னிஷ் துடைத்து எடுத்தது போலப் போய்விட்டது.

"பின்னாடி கத்துக்கிட்ட பாஷை சில பேருக்கு இப்படிப் போயிடும். திரும்பி வரலாம், வராமலும் போகலாம்" என்றார் டாக்டர். சைமியிடம் அதை ஃபின்னிஷில் சொன்னார்.

அன்றைக்குக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவள் கேட்டாள், "வலிக்குதா?" நாற்பது வருஷப் பழக்கம், ஃபின்னிஷில் வந்துவிட்டது. பெர்யே அவளைப் பார்த்தான். பஸ் நிறுத்தத்தில் வழி கேட்கும் வெளியூர்க்காரியைப் பார்ப்பது மாதிரி, மரியாதையாக, ஒன்றும் புரியாமல். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

ஸ்வீடிஷில் கேட்டிருக்கலாம். கேட்க வாய் திறந்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. உள்ளே அத்தனை வார்த்தைகளும் இருந்தன, வெளியே வர ஒன்றுக்கும் பழக்கம் இல்லை. அவளுக்கு அழுகை வரவில்லை. எழுந்து போய் ஜன்னல் விளிம்பில் இருந்த பூந்தொட்டியை நகர்த்தி நகர்த்தி வைத்தாள், ஓங்கி.

மறுநாள் மதியம் வார்டு உதவியாளர் ஒருத்தி தட்டோடு வந்தாள். செனாதா என்று சட்டையில் எழுதியிருந்தது. நாற்பத்தைந்து வயது இருக்கும், முன்பு தக்காளிக் கூடத்தில் வேலை பார்த்தவள். தட்டில் மசித்த டர்னிப் கிழங்கு இருந்தது.

"அவருக்கு டர்னிப் பிடிக்காது" என்றாள் சைமி, ஃபின்னிஷில்.

செனாதா தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "எனக்கு ஃபின்னிஷ் தெரியாதுங்க. ஸ்வீடிஷ்ல சொல்லுங்க."

இந்த ஊரில் அந்த வாக்கியத்தை அவளிடம் யாரும் சொன்னதில்லை. சைமி தொண்டையைச் செருமினாள்.

"டர்னிப். அவருக்கு. பிடிக்காது."

"அப்ப என்ன பிடிக்கும்?"

"உருளைக்கிழங்கு. அதோட... கீரை... இல்ல. அந்தப் பச்சை. மீன் மேல போடறது."

"டில். சரி, டில் கொண்டு வரேன்." செனாதா கதவு வரைக்கும் போய்த் திரும்பினாள். "நீங்க பேசறது கேட்கச் சகிக்கலை."

சைமி நிமிர்ந்தாள்.

"என்னுதும் இப்படித்தான் இருந்துச்சு. இன்னும் கேவலம். ஒருதடவை மேஸ்திரிகிட்ட தக்காளிக்குக் கல்யாணம்னு சொல்லியிருக்கேன். ஊர்க்காரங்க பொறுத்துக்கிட்டாங்க. பொறுக்காம என்ன செய்வாங்க, என்கிட்ட வேற பாஷை இல்லையே."

அந்தக் கடைசி வரி சைமியின் நெஞ்சில் முள்ளாகக் குத்தி நின்றது. வேறு பாஷை இல்லாதவளுக்குக் கிடைத்தது. இருந்தவளுக்குக் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து செனாதாவின் வேலை நேரம் பார்த்து வார்டுக்கு வந்தாள். இருவரும் படுக்கை விரிப்பை மாற்றினார்கள், வானிலையைத் திட்டினார்கள், கணவர்களைத் திட்டினார்கள். பெர்யே பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருப்பான். அவன் விழித்திருக்கும்போது மட்டும் சைமிக்கு வாய் அடைத்துக்கொள்ளும். முழங்கையை அவன் தொட்ட இடம் இன்னும் அங்கேயே இருந்தது.

அந்த மாதத்தின் கடைசி வியாழக்கிழமை கூட்டம் என்று சொல்லியிருந்தார்கள். பெர்யே வீட்டுக்குப் போவதா, மேல்தெருவில் இருக்கும் ஸ்வீடிஷ் முதியோர் இல்லத்துக்குப் போவதா என்று முடிவு செய்யும் கூட்டம். வார்டின் தலைமை நர்ஸ் ரோஸ்மரீ, சைமி, குன்வோர், பெர்யே. சைமி முன்கூட்டியே வந்துவிட்டாள். நடைக் கோடியில் கோட்டு மாட்டும் இடத்தில் நின்று பூட்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அந்தப் பக்கம் குன்வோரின் குரல் கேட்டது. போனில் யாருடனோ, ஸ்வீடிஷில்.

"நல்லவதான், நான் இல்லேங்கலை. தங்கமானவ. ஆனா நீயே சொல்லு, அவகிட்ட விட்டா அண்ணனை ஊமைகிட்ட விட்ட மாதிரி. நாள் முழுக்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கணும். இல்லத்துல நம்ம ஜனங்க இருக்காங்க, நாலு வார்த்தை பேசுவான்."

சைமி பூட்ஸைத் துடைத்து முடித்தாள். ஏற்கெனவே சுத்தமாக இருந்த இன்னொரு பூட்ஸையும் துடைத்தாள்.

அவள் அறைக்குள் போனபோது ரோஸ்மரீயும் குன்வோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். மேஜையில் காப்பியும் ஏலக்காய் ரொட்டியும். பெர்யே சக்கர நாற்காலியில் தலையைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தான். அவள் வாசலில் தெரிந்ததும் ரோஸ்மரீ வாக்கியத்தின் நடுவிலேயே ஃபின்னிஷுக்கு மாறினாள். முதல் பாதி ஒரு பாஷை, மறு பாதி இன்னொன்று.

"வாங்க சைமி, உக்காருங்க. இப்பதான் ஆரம்பிச்சோம்."

"நான் ஸ்வீடிஷ்ல பேசறேன்" என்றாள் சைமி, ஸ்வீடிஷில்.

"ஐயோ, எதுக்கு? கஷ்டப்படாதீங்க. எங்க ரெண்டு பேருக்குமே ஃபின்னிஷ் நல்லா வரும்." ஃபின்னிஷ்.

"நான் ஸ்வீடிஷ்ல பேசறேன்."

குன்வோர் அவள் கையைத் தட்டிக்கொடுத்தாள். "முக்கியமான விஷயம் சைமி. உனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியாமப் போயிடக் கூடாது பாரு." அதுவும் ஃபின்னிஷ். குரலில் அவ்வளவு கனிவு.

சைமி அந்தக் கையைத் தன் கைமேலிருந்து எடுத்து மேஜையில் வைத்தாள். ஒரு பொருளை எடுத்து வைப்பது மாதிரி.

"நான் ஊமை இல்ல" என்றாள்.

குன்வோருக்குக் கழுத்திலிருந்து நெற்றிவரை சிவந்தது.

"போன்ல சொன்ன. கேட்டேன். எல்லாம் கேட்டேன். நாப்பது வருஷமா கேட்கறேன். மீன் கொட்டகையில கேட்டேன். உங்க அம்மா மேஜையில கேட்டேன். நான் வரேன், நீங்க பாஷையை மாத்தறீங்க. கதவைச் சாத்தற மாதிரி. சத்தம் இல்லாம. மரியாதையா. சாத்திட்டு, உனக்குக் குளிரக் கூடாதுன்னுதான் சாத்தினோம்ங்கறீங்க. நான் வெளியே நிக்கறேன். வெளியே நிக்கறவளுக்கு எதுக்கு கதவைச் சாத்தறீங்க?"

வார்த்தைகள் முன்னும் பின்னுமாக வந்தன. சிலது செனாதாவின் உச்சரிப்பில் வந்தன. அவள் நிறுத்தவில்லை.

"அந்த போஸ்னியாக்காரிகிட்ட எல்லாரும் பேசறீங்க. தக்காளிக்குக் கல்யாணம்னு சொன்னாலும் பேசறீங்க. நான் சாணைக்கல் கேட்டேன். சரியாத்தான் கேட்டேன்."

ரோஸ்மரீ காப்பிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். குன்வோர் கடைசியில், "மன்னிச்சுக்கோ சைமி, நான் அந்த அர்த்தத்துல..." என்றாள். அந்த மன்னிப்பும் ஃபின்னிஷில்தான் வந்தது. பழக்கம் அப்படி.

"ஸ்வீடிஷ்ல சொல்லு."

குன்வோர் ஸ்வீடிஷில் சொன்னாள். மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக, குழந்தைக்கு ஊட்டுவது போல.

"மெதுவா வேண்டாம். போன்ல பேசின மாதிரி பேசு."

அப்போது குன்வோருக்கும் கோபம் வந்தது. வந்ததும் அவளுக்குத் தெரிந்த ஒரே வேகத்தில், படகுக் கொட்டகைப் பேச்சில், கொட்டினாள். "அப்ப ஏன்டி ஒருநாள்கூடச் சொல்லலை? நாங்க என்ன ஜோசியமா பார்க்கறோம்? நான் பள்ளிக்கூடத்துல ஃபின்னிஷ்ல தோத்தவ. உனக்காகத்தான் ராத்திரி ராத்திரி உக்காந்து கத்துக்கிட்டேன். உன்கூட வாயைத் திறக்கறப்பல்லாம் எனக்கு வேர்த்துக் கொட்டும். தெரியுமா உனக்கு? நாப்பது வருஷமா வேர்த்துக்கிட்டு இருக்கேன். நீ என்னடான்னா காப்பியைத் தூக்கிக்கிட்டு வெளியே போயிடுவ, மகாராணி மாதிரி."

"வெளியே போனா ஒருத்தியாவது வந்து கூப்பிட்டீங்களா?"

"கூப்பிட்டா எந்தப் பாஷையில கூப்பிடறதுன்னு..."

"ஏதாவது ஒண்ணுல கூப்பிட்டிருக்கலாம்."

"யாரு வீட்டுல இந்தச் சண்டை?" என்றது இன்னொரு குரல்.

பெர்யே தலையைத் தூக்கியிருந்தான். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. தங்கையைப் பார்த்தான், சைமியைப் பார்த்தான். சைமியிடம் நெடுநேரம் பார்வை நின்றது.

"காட்டுக்காரி" என்றான் ஸ்வீடிஷில். "நீ எப்ப வந்த?"

சைமி அவன் பக்கம் திரும்பினாள். ரோஸ்மரீ பிறகு எல்லோரிடமும் சொன்னது, அந்த நேரத்தில் அவள் அவனைக் கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன் என்பது. சைமி கட்டிக்கொள்ளவில்லை.

"நீயும்தான்" என்றாள். "நீதான் முதல்ல. விடு, எதுக்குச் சிரமம்னு சொன்னது யாரு? உனக்குச் சிரமம். உன் மனுஷங்க முன்னால நான் தப்பாப் பேசினா உனக்கு வெட்கம். என் மகளோட சிரிச்ச, என்கிட்ட உப்பு கேட்ட. இப்ப நானே வந்து பேசணும், நீ சுவரைப் பார்த்துத் திரும்பிப்ப. திரும்பிப் பாரேன் இன்னொரு தடவை."

பெர்யேவுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. ஆனால் அவள் பேசுவதையே பார்த்துக்கொண்டிருந்தான். அவளோடு பேசுகிறவர்களில் பாஷையை மாற்றிக்கொள்ள முடியாதவர்கள் இப்போது இரண்டு பேர், செனாதாவும் அவனும்.

"மெல்லத் திட்டு" என்றான். "கைதான் போச்சு. காது நல்லாத்தான் இருக்கு."

ரோஸ்மரீ தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். வாய் ஃபின்னிஷுக்குப் போனது தெரிந்தது, பாதி வழியில் பிடித்துத் திருப்பினாள். "வீட்டுக்குப் போகட்டும். கிறிஸ்துமஸ் வரைக்கும் பார்ப்போம். நர்ஸ் தினமும் வந்து போவாங்க" என்றாள், ஸ்வீடிஷில், சைமியைப் பார்த்து.

அப்படி பெர்யே வீட்டுக்கு வந்தான். கிறிஸ்துமஸ் போயிற்று, யாரும் இல்லத்தைப் பற்றிப் பேசவில்லை.

சைமியின் கோபம் மட்டும் போகவில்லை. கடையில் ஃபின்னிஷில் பதில் வந்தால் அவள் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். பாஷை மாறும்வரை கொடுப்பதில்லை, வரிசை கதவுவரை நீண்டாலும் சரி. கரோலா ஸ்டாக்ஹோமிலிருந்து போனில், "அம்மா, இத்தனை வயசுக்கு மேல எதுக்கும்மா" என்று ஃபின்னிஷில் ஆரம்பித்தபோது போனை மேஜையில் வைத்துவிட்டுக் கிழங்கு சீவப் போனாள். திரும்பி வந்தபோது மகள் ஸ்வீடிஷில் "ஹலோ, ஹலோ" என்றுகொண்டிருந்தாள்.

வீட்டில் நாள் முழுக்கச் சண்டை. கிழங்கு வேகவில்லை என்பான். வேகாத கிழங்கைத்தான் தின்றுகொண்டிருக்கிறாயா என்பாள். ஒருநாள் சாயங்காலம், கண்ணாடிக் கூடங்களின் வெளிச்சம் ஜன்னலில் ஆரஞ்சாக விழுந்திருக்க, அவன் கேட்டான்:

"முன்னாடி நாம என்ன பேசிப்போம்?"

நடன மேடை, படகு, மோதல், கரோலா பிறந்த ராத்திரி அவன் அவள் காதில் சொன்னது, எல்லாம் ஃபின்னிஷில் இருந்தன. அவனுடைய பக்கத்துப் பங்கு அழிந்துவிட்டது. இனி அவற்றை வைத்திருப்பவள் அவள் ஒருத்திதான். அவன் பாஷையை அவள் எடுத்துக்கொண்டாள், அவள் பாஷை அந்த வீட்டிலிருந்து போய்விட்டது. இதற்காக யார்மேல் கோபப்படுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவன் தட்டை வெடுக்கென்று எடுத்து, "நிறைய" என்றாள். "நிறையப் பேசிப்போம். தின்னு முடிச்சியா?" பிறகு கொல்லைப்புறம் போய், குளிரில், விறகுக் குவியலைப் பார்த்துக் கொஞ்ச நேரம் ஃபின்னிஷில் பேசிக்கொண்டிருந்தாள்.

ஞாயிறுதோறும் குன்வோர் வருவாள். கூட்டத்துக்குப் பிறகு மூன்று மாதம் வராமல் இருந்தவள், பிப்ரவரியில் ஒரு டப்பா உப்பு ஹெரிங்கோடு வந்து நின்றாள். அதன் பிறகு வாராவாரம். முழு வேகத்தில் ஸ்வீடிஷ். இப்போதெல்லாம் சைமியிடம் பேச அவளுக்கு வேர்ப்பதில்லை, அதை வாய்விட்டே சொல்கிறாள்.

மார்ச் கடைசியில், பனி உருகிச் சேறான ஒரு ஞாயிறு. முந்தின ராத்திரி பெர்யேவுக்கு ஜுரம், சைமி தூங்கவில்லை. கதவைத் திறந்தவளின் முகத்தைக் குன்வோர் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்தினாள். பிறகு, இந்த ஊரில் ஒருவரும் சைமியிடம் கேட்டிராததைக் கேட்டாள்.

"இன்னிக்கு எதுல பேசலாம்?"

சைமி அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"முதல்ல பூட்ஸைக் கழட்டு" என்றாள். "தரையை இப்பதான் துடைச்சேன்."

அதை அவள் ஃபின்னிஷில் சொன்னாள். குன்வோர் கழற்றினாள்.